இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்

நல்ல ஆசிரியருக்கு வேண்டிய முதல் பழக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவரிடமும் இதைச் சொல்வேன். சிரிப்பார்கள். பிறகு ஒரு நாள் அவர்களே ஒரு ஜூனியர் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும்போது புரியும். நாமே செய்தால் சட்டென்று முடிந்துவிடுமே என்று விரல்கள் பரபரக்கும். அந்தப் பரபரப்பை அடக்கிக்கொள்வதற்குத்தான் கற்பித்தல் என்று பெயர்.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். நிதானம் ஒன்றுதான் என் தொழிலில் நான் சேர்த்த சொத்து.

பி.ஜி. மாணவர்கள் என்றால் புத்தகப் பையோடு வருகிற பிள்ளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே டாக்டர்கள். பிரசவத்துறையில் மேற்படிப்புக்காக எங்களிடம் வருகிறவர்கள். மூன்று வருடம் இருப்பார்கள். ரத்தம் எடுப்பது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, பிரசவம் பார்ப்பது, சிசேரியன் செய்வது எல்லாமே அவர்கள்தான். நிரந்தர டாக்டர்கள் நாங்கள் நான்கு பேர். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவர் எப்போது பார்த்தாலும் இடமாற்றலுக்கு அலைகிறவர். மீதி நானும், நேற்று வந்த ஒரு பெண்ணும். மாணவர்களை எடுத்துவிட்டால் அந்தப் பிரசவ வார்டை மதியத்தோடு பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பயிற்சித் திட்டம் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அப்போது நான் ஒற்றை ஆள். ஒருத்தியின் வயிற்றைத் தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து மேஜையில் இன்னொருத்தி ரத்தம் போய்க்கொண்டு கிடந்தாள். "டாக்டர், இங்க வாங்க, இங்க வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தைத்துக்கொண்டிருந்த ஊசியை எங்கே விடுவது? நான் போய்ச் சேர்வதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, பார்க்கிறவர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பயிற்சி இடங்களை வாங்கிக்கொண்டு வந்தேன். என் பிள்ளைகள் என்று அவர்களைச் சொல்வதை நீங்கள் நடிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது நடிப்பில்லை.

சிக்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் வேலை நன்றாக நடந்ததால் வந்தது. கிராமத்து நர்ஸுகளுக்கு நாங்களே வகுப்பெடுத்தோம். அவர்கள் கெட்டிக்காரர்கள். கால் வீங்கினால் அனுப்பினார்கள், பிள்ளை குறுக்கே கிடந்தால் அனுப்பினார்கள். எல்லாம் முன்கூட்டியே வந்தன, எல்லாம் சுலபமாக முடிந்தன. கஷ்டமான ஆபரேஷன்கள் குறைந்துபோயின. இப்போதெல்லாம் தாய்மார்கள் சாவதில்லை என்று எல்லோரும் எங்களைப் பாராட்டினார்கள். அதே கையோடு ஆய்வுக் குழு வந்து, இங்கே மாணவர்களுக்குப் போதுமான அனுபவம் கிடைக்கவில்லை, இடங்களை ரத்து செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனது.

நான் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். பயிற்சி இடங்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி நல்ல மனிதர். என்னை உட்காரச் சொன்னார், மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"மேடம், உங்க டிபார்ட்மெண்ட் நல்லாத்தான் நடக்குது. யாரும் இல்லைன்னு சொல்லலை. ஆனா கஷ்டமான கேஸே வராத இடத்துல அவங்க என்னத்தைக் கத்துக்குவாங்க?"

"மாசத்துக்குக் கொஞ்ச பேரை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன் சார். அங்க போய்ப் பாத்துட்டு வரட்டும்."

"அங்கயும் இதே கதைதான். அவங்க பசங்களுக்கே பத்தலையாம்."

"பயிற்சி பொம்மையாவது வாங்கிக் குடுங்க. அதுலயாவது பழகட்டும்."

"பொம்மைக்கு ஏற்கெனவே க்யூ நிக்குது மேடம். உங்க முறை வர்றதுக்குள்ள நீங்களும் ரிடையர் ஆயிடுவீங்க, நானும் ரிடையர் ஆயிடுவேன்."

சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "அடுத்த ஆய்வு வரைக்கும் நிறுத்திவைக்கிறேன். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க" என்றார். அந்த அலுவலகத்தின் பெண்கள் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். திரும்பி வருகிற பஸ்ஸில் முழுக்க அந்த வார்த்தைதான். ஏதாவது பண்ணுங்க. எதைப் பண்ணுவது? வராத நோயை எங்கே போய்க் கூட்டிக்கொண்டு வருவது?

முதல் தடவை நடந்தது தற்செயல். அதை நீங்கள் நம்பியே ஆக வேண்டும். ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துப் பிள்ளை இறங்காமல் நின்றுவிட்டது. சிசேரியன் செய்ய நான் சரி என்று சொல்ல வேண்டும். நானோ நிர்வாகக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் வருவதற்குள் பிள்ளையின் தலை இடுப்பெலும்புக்குள் ஆழமாகச் சிக்கிக்கொண்டது. காலையில் செய்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற ஆபரேஷன், மதியம் பார்த்தால் கைதேர்ந்தவர்களே யோசிக்கிற ஆபரேஷன்.

அன்று கத்தியைப் பிடித்தவள் குருவி. அவளுடைய பெயர் அதுவல்ல. உருவம் சின்னது, மேஜை எட்டாமல் எப்போதும் ஒரு முக்காலியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து ஏறி நிற்பாள். அதனால் வார்டு முழுக்க அவள் குருவிதான். நான் எதிர்ப்பக்கம் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் செய்தாள். கீழே கையை விட்டுத் தலையை மெல்ல விடுவித்து வெளியே எடுத்தாள். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அழுதது, ஆனால் அழுதது. தாய்க்கும் ஒன்றுமில்லை. முகக்கவசத்துக்கு மேலே குருவியின் கண்கள் எப்படி மின்னின தெரியுமா? ஒரு வருடம் பாடம் எடுத்தாலும் வராத தைரியம் அந்த ஒரு மதியத்தில் அவளுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்குப் பட்டது. கஷ்டமான கேஸ் எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. சுலபமான கேஸ்தான் கஷ்டமான கேஸ். நடுவில் இருப்பது கொஞ்சம் நேரம், அவ்வளவுதான்.

இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். இந்த மூன்று வார்த்தைகளை எந்த டாக்டர் சொல்லவில்லை? அவசரப்பட்டு வயிற்றைக் கிழிப்பதுதான் தப்பு, பொறுமையாகக் காத்திருப்பது நல்ல வைத்தியம் என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் பொய் எதுவும் சொல்லவில்லை. மாணவர்கள் வந்து கேட்பார்கள். நான் போய்ப் பெண்ணின் தலையைத் தடவிக்கொடுப்பேன், வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்பேன். அவர்கள் தலையாட்டுவார்கள். என் அறைக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாதியிலேயே தேநீர் ஆறிப்போய்விடும். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு அது ஒன்றும் லேசாக இருக்கவில்லை.

எனக்கென்று விதிகள் வைத்திருந்தேன். உடம்பில் தெம்புள்ள பெண்கள் மட்டும். காய்ச்சல் இருந்தால் வேண்டாம். ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள் வேண்டவே வேண்டாம், பழைய தையல் பிரிந்துவிடும். கூட வருகிறவர்கள் ரொம்பக் கேள்வி கேட்கிற ரகமாக இருந்தாலும் வேண்டாம். இந்தக் கடைசி விதியை எதற்காக வைத்தேன் என்று கேட்கிறீர்கள். கேள்வி கேட்டால் மாணவர்களுக்குக் கவனம் சிதறும்.

பலன் தெரிந்தது. மாணவர்களின் கை உறுதியாயிற்று. வழக்கத்துக்கு மேல் ரத்தம் போனால் பதறாமல் நிறுத்தக் கற்றார்கள். ஒரு பெண்ணுக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியிருந்தது, அதையும் ஒரு மூன்றாம் வருட மாணவர் அழகாகச் செய்தார். அவளுக்கு அது முதல் பிரசவம். சில குழந்தைகள் தாமதமாக அழுதன. ஒரு குழந்தைக்கு மாதங்கள் ஆகியும் கழுத்து நிற்கவில்லை, பொம்மையைக் காட்டினால் பார்க்கவில்லை என்று தாய் தூக்கிக்கொண்டு வந்தாள் என்றார்கள். நான் பார்க்கவில்லை. குழந்தைகள் பிரிவு வேறு கட்டிடம்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் எனக்குப் பழைய சிநேகிதர், வாய்த்துடுக்கு அதிகம். ஒரு நாள் ஆபரேஷன் தியேட்டரில் ஊசியை உதறிக்கொண்டே, "ஏன் மேடம், உங்க கேஸ் எல்லாம் எப்பவும் குழைய வெந்த பிறகுதான் என்கிட்ட வருது? கொஞ்சம் முன்னாடியே அடுப்பை அணைக்கக் கூடாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குருவி சிரிக்கவில்லை. முக்காலியில் ஏறி நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். அதில் எனக்கு இப்போதும் பெருமைதான்.

இனி அந்தக் கண்டக்டரைப் பற்றி.

ஆய்வுக் குழு வந்த நாள். மூன்று பேர். கோட்டும் சூட்டுமாக வந்து இறங்கினார்கள். மாணவர்கள் கஷ்டமான ஆபரேஷன் செய்வதை நேரில் பார்க்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். காலையில் பிரசவ அறைக்குள் நுழைந்து பார்த்தேன். எல்லாப் படுக்கையிலும் சமத்தான கேஸ்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று வெளியே வருவதுபோல் வந்துகொண்டிருந்தன. இன்றைக்கு இவர்கள் வெறுங்கையோடு திரும்பினால் எல்லாம் முடிந்தது.

ஓரத்துப் படுக்கையில் அவள் இருந்தாள். பஸ் கண்டக்டர். எட்டாம் மாதம்வரை படிக்கட்டில் தொற்றிக்கொண்டு டிக்கெட் கொடுத்தவள். குரல் வார்டையே எழுப்பும். முதல் பிள்ளை சிசேரியன். இந்தத் தடவை தானாகவே பிறந்துவிடும் என்று நம்பி வந்தவள். வலி நன்றாக எடுத்திருந்தது, பிள்ளை இறங்கவில்லை. ஆபரேஷன் செய்துவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது.

குருவி ஓடி வந்தாள். "மேடம், பழைய தையல் இருக்கிற இடத்துல வலிக்குதுன்னு சொல்றாங்க. வலி விட்டாலும் அங்க மட்டும் வலி நிக்கலையாம். தியேட்டர் காலியா இருக்கு. எடுத்துடலாம் மேடம்."

படுக்கையிலிருந்து அந்தப் பெண்ணும் சொன்னாள். வலியிலும் அவளுக்குக் கேலி போகவில்லை. "டாக்டரம்மா, நான் எப்பவோ விசில் குடுத்துட்டேன். வண்டியை நிறுத்துங்க, நான் எறங்கணும்."

நான் சிரித்தேன். அவளுடைய வயிற்றில் கை வைத்தேன். குருவி சொன்னது சரி என்று கைக்குத் தெரிந்தது. கை எப்போதும் பொய் சொல்லாது. ஆய்வுக் குழு அப்போதுதான் நூலகத்துக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு மாணவர் விடுதி, பிறகு தேநீர். இப்போதே எடுத்தால் அது ஒரு சாதாரண இரண்டாவது சிசேரியன். யாரும் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்மா" என்றேன்.

"மேடம்," என்றாள் குருவி.

"பார்க்கலாம்னு சொன்னேன்ல? போய் அடுத்த பெட்டைப் பாரு."

அவள் போகவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நூலகத்துக்குப் போனேன். குழுத் தலைவரிடம், இன்று ஒரு சிக்கலான கேஸ் வரக்கூடும், தேநீர் முடிந்ததும் தியேட்டர் பக்கம் வாருங்கள் என்று நானே சொன்னேன். ஆமாம், அப்போது அந்த கேஸ் சிக்கலாக ஆகியிருக்கவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிடுகிறேன்.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் குருவியின் குரல் வராந்தாவில் கேட்டது. கண்டக்டர் ஒரே ஒரு தடவை கத்தினாளாம். பிறகு வலியே நின்றுவிட்டதாம். வலி நின்றுவிட்டது என்று அவளுடைய மாமியார் சந்தோஷப்பட்டாராம். கர்ப்பப்பை பழைய தையலோடு கிழிந்து, பிள்ளை வயிற்றுக்குள் வந்துவிட்டிருந்தது.

ஆபரேஷனைக் குருவிதான் செய்தாள். அவளைவிட்டால் அன்று டியூட்டியில் அதைச் செய்யக்கூடியவள் நான் மட்டும்தான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்று பேரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். முக்காலியில் நின்றுகொண்டு, கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து கவசம் நனைய, கை மட்டும் நடுங்காமல் அவள் செய்த அந்த ஆபரேஷனை நான் இனிமேல் எங்கே பார்க்கப்போகிறேன்? பிள்ளை அழவில்லை. அது பெண் குழந்தை. கர்ப்பப்பையை எடுத்தோம். ரத்தம் ஏற்ற ஏற்ற வெளியே போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் கண்டக்டரும் போய்விட்டாள்.

குழுத் தலைவர் என் கையைக் குலுக்கினார். "இவ்வளவு நெருக்கடியிலயும் பதறாம செய்யறாங்களே, நீங்க எப்படிப் பழக்கியிருக்கீங்க!" என்றார். இடங்களை ரத்து செய்யவில்லை. கூடுதலாக இரண்டு இடம் கொடுத்தார்கள்.

அவளுடைய கணவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூத்த பையன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். எனக்கு நன்றாகச் சொல்ல வரும், மாணவர்களுக்கு அதையும் கற்றுக்கொடுக்கிறேன். பக்கத்தில் உட்கார வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும், அவசரப்படக் கூடாது. அவர் என்னைக் கும்பிட்டார். "நீங்க உங்களால ஆனதெல்லாம் பாத்தீங்கம்மா. அவ விதி அவ்வளவுதான்" என்றார். நான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. அவர்தான் பிறகு மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

குருவி அன்று மதியம் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், நேத்து பார்க்கலாம்னு சொன்னீங்களே, அது யாரு பார்க்கிறதுக்கு?"

நான் அவளிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். இடங்கள் போனால் என்ன ஆகும், வார்டைப் பூட்டினால் எத்தனை பெண்கள் போவார்கள், ஒருத்தியை வைத்து நூறு பேரை எப்படிக் காப்பாற்றுகிறோம் என்று. உங்களிடம் சொன்னதுபோலவே, இதைவிடப் பொறுமையாக. முழுக்கக் கேட்டாள்.

"இந்தக் கையால இனிமே என்னால ஒண்ணும் பண்ண முடியாது மேடம்," என்றாள். "நீங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் அவங்க வயித்துல நான் பழகினது."

நேராக உங்களிடம்தான் புகார் கொடுக்க வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. படிப்பை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டபோதுதான் கஷ்டமாக இருந்தது. அவளுக்காகத்தானே இவ்வளவும்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம். தெரிந்தேதான் தாமதித்தேன். அவளை மட்டுமல்ல, அதற்கு முன்னால் பலரையும். ஆனால் ஆபத்து மிகக் குறைவு என்று மனதார நம்பினேன். எங்கள் மருத்துவமனையில் என் பார்வையில் இருக்கிற எந்தப் பெண்ணுக்கும் ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். எந்தத் தாய் வந்து என்னிடம் கேட்டிருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

என் மகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். விசாரித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ஆமாம், இந்த வருட ஆரம்பத்தில் அவளுக்கும் பிரசவம் ஆயிற்று. பேரன். தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். என் வீடு மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. பிரசவ அறை எதிர்ச்சாரியில்தான், நடந்தே போய்விடலாம். அவளுக்கு எந்தச் சிக்கலும் கிடையாது, நல்ல திடமான பெண்.

வலி எடுத்தது ஒரு காலை நேரம். நான் காரை வரச் சொன்னேன். பக்கத்து ஊரில் ஒரு தனியார் மருத்துவமனை இருக்கிறது, அங்கே அறைகள் அமைதியாக இருக்கும், எங்கள் வார்டில் ஒரே கூச்சல். அதுதான் காரணம். கார் எங்கள் கேட்டைத் தாண்டி வெளியே போனபோது அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நம்ம ஆஸ்பத்திரி இங்கதானே இருக்கு? உன் ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் இருக்காங்க, நீயும் இருக்கே. அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரம்?"

டிரைவரிடம் இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.